கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்கள்

மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினாறு வயதுதான் ஆகிறது, பிளஸ் ஒன் படிக்கிறேன். முந்தாநாள் சோறு போட்டுக்கொண்டே என் அம்மா, "படிச்சது போதும். தை பிறக்கட்டும், வெம்பக்கோட்டையில பேசி முடிச்சிருவோம்" என்றாள். வெம்பக்கோட்டையில் இருப்பது அம்மாவின் தம்பி. எனக்குக் கல்யாணம் என்ற பேச்சை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தட்டை நகர்த்தி வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சிலிருந்துதான் நீ வந்தாய். கல்யாணம் ஆனால் பிள்ளை பிறக்கும், அது வளரும், ஒருநாள் அதுவும் பள்ளிக்கூடத்துக்கோ கல்லூரிக்கோ போய் ஒரு கட்டுரை எழுதும் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு இருபது வயதாவது ஆன பிறகுதான் இதை உன் கையில் கொடுப்பேன். அதற்கு முன் கொடுத்தால் நீயும் என்னைப் போல யாரிடமாவது காட்டிப் பெருமைப்பட்டுவிடுவாய்.

அம்மாவும் தங்கையும் தூங்குகிறார்கள். அப்பா காலண்டர் அச்சகத்துக்கு இரவு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் கொண்டுவந்து போடும் கழிவுத் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். முன்பக்கத்தில் நிறம் விலகி அச்சான லட்சுமி, ஒரு முகத்துக்கு இரண்டு மூக்கு. அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் தாளைப் பாவாடைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது. நாளைக் காலை மணி அடிப்பதற்கு முன் தலைமையாசிரியையிடம் என் கையெழுத்தில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். கொடுத்தால், பட்டாசுக் கம்பெனியில் என் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தைக்கும் போன வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் பேச்சி அத்தை தன் புருஷனைப் பற்றிச் சொன்ன உண்மை பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். எல்லாம் ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தால் வந்தது.

எங்கள் தமிழம்மா இந்த வருடம்தான் பள்ளிக்கு வந்தார். கல்லூரியில் ஆய்வெல்லாம் முடித்தவர். அரையாண்டுப் பரீட்சைக்கு முன் 'எங்கள் ஊர்த் தொழில்' என்று ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். வழக்கம்போல் கட்டுரை நோட்டில் மூன்று பக்கம் எழுதினால் போதும் என்று நினைத்திருந்தோம். அவர் அப்படி விடவில்லை. கட்டுரைக்குக் கடைசியில் துணைநூற்பட்டியல் இருக்க வேண்டும் என்றார். எங்களில் ஒருத்தியும் அதுவரை அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டினார். பிரௌசிங் சென்டரில் போய்ப் பார்த்து எழுதினால் இணையதள முகவரியும், பார்த்த தேதியும் போட வேண்டுமாம். ஒரு விஷயத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் எழுதினால் அது திருட்டு என்றார். திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை நாங்கள் எழுதிய எல்லாக் கட்டுரையும் கைடு புத்தகத்தில் இருந்து எடுத்தவைதான்.

அடுத்த வாரம் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வந்தார். எங்கள் வகுப்பு ஜெயந்தியின் கட்டுரை இரண்டரைப் பக்கம், பட்டியல் நான்கு பக்கம். அவள் அண்ணன் எம்.ஏ. படிக்கிறான். அவன் வைத்திருந்த ஏதோ ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை அப்படியே பார்த்து எழுதிவிட்டாள்.

"ஏம்மா, லண்டன்ல அச்சடிச்ச புத்தகமெல்லாம் இருக்கே. எங்க வாசிச்ச?"

"கடைசிப் பக்கத்துல இருந்துச்சு டீச்சர்."

"எதோட கடைசிப் பக்கத்துல?"

"புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல. அதான் நானும் கடைசிப் பக்கத்துல போட்டேன்."

தமிழம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். என் நோட்டை அவர் எடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார். 'கூறப்படுகிறது' என்ற சொல்.

அது நான் செய்தித்தாளில் இருந்து எடுத்த வரி. ஆடி மாதத்தில், அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. ஆறு பேர் போனார்கள். அதில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, பேச்சி அத்தையின் கணவர். மறுநாள் செய்தித்தாளில், தொழிலாளி ஒருவர் பீடி பற்றவைத்ததே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது என்று போட்டிருந்தார்கள். பட்டாசுத் தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது விபத்தைச் சொல்லாமல் விட முடியாது என்று, அந்த வரியைப் பார்த்து எழுதி, செய்தித்தாளின் பெயரையும் தேதியையும் பட்டியலில் சரியாகப் போட்டிருந்தேன். சரியாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். தமிழம்மா நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "யார் கூறுனா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கூறப்படுகிறதுன்னா, சொன்ன ஆள் ஒளிஞ்சிக்கிட்டார்னு அர்த்தம். ஆளைக் கண்டுபிடிச்சு எழுது. முடியலன்னா வரியை அடிச்சிரு." புத்தகம் இல்லாவிட்டால் என்ன, சொன்ன மனிதர்களையே போடலாம், அதற்குத் தகவலாளர் பட்டியல் என்று பெயர் என்றார். பெயர், வயது, தொழில், இருப்பிடம், கேட்ட நாள்.

வரியை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நீ இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டியிருக்காது.

நான் பேச்சி அத்தை வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கூலிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பசை காய்ந்து விரலெல்லாம் செதில் செதிலாக இருந்தது. நானும் ஒரு கட்டு எடுத்து உருட்ட ஆரம்பித்தேன். சும்மா பேசுவதுபோலத்தான் கேட்டேன், மாமா பீடி குடிப்பாரா என்று. அத்தை கையை நிறுத்தவில்லை.

"எங்க குடிச்சாரு. கோயில் கொடையில பங்காளிக எல்லாஞ் சேந்து பிடிச்சுக்கிட்டு ஒண்ணைப் பத்தவச்சு வாயில வச்சுவிட்டாக. ரெண்டு நாளு இருமிக்கிட்டுக் கிடந்தாரு. பீடிப் புகை கூடத் தாங்காதவன்னு அம்புட்டுப் பேரும் கேலி பண்ணுனாக." பிறகு, கம்பெனி கேட்டில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரின் சட்டைப்பையையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்று சொன்னாள். அன்றைக்குத் தீபாவளி ஆர்டர் நெருக்கியதால், நாலு பேர் என்று கதவில் பெயின்டில் எழுதியிருந்த அறைக்குள் ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தார்கள் என்றும், முந்தின நாள் கலந்த, தானே சூடேறிப் பற்றக்கூடிய வெடிமருந்து மிச்சம் அங்கேயே கிடந்தது என்றும் சொன்னாள். அவள் எதிர்த்த அறையில் திரி வெட்டிக்கொண்டிருந்தவள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். ஒன்பது பேர் என்றுதான் அம்மாவும் சொன்னாள். சொல்லிவிட்டு, எதற்குக் கேட்கிறாய் என்றாள். பாடத்துக்கு என்றேன். பாடத்தில் இதெல்லாமா கேட்பார்கள் என்று ஆச்சரியப்பட்டாளே தவிர அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுபடி அத்தையிடம் போய் வயது கேட்டேன். "உங்கம்மாவ விட ரெண்டு வயசு மூத்தவ. ஆனா உங்கம்மா வயசக் குறைச்சுச் சொல்லுவா, அதனால நாலாக் கூட்டிக்க" என்று சொன்னாள். மாமா போன பிறகு அன்றுதான் அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். எதற்கு வயது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் தவறு இதுதான், மகளே. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அத்தை குழாய் உருட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசினாள். ஒரு நோட்டிடம் பேசவில்லை. அவள் பேசியதை எழுதிக்கொண்டேன், பெயரையும் எழுதிக்கொண்டேன், போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமாவுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று நினைத்து எழுதியதாக நாளைக்கு நான் உன்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடும். நம்பாதே. துணைநூற்பட்டியலுக்குத் தனி மதிப்பெண் உண்டு என்று தமிழம்மா சொல்லியிருந்தார். மற்றவர்கள் பட்டியலில் எல்லாம் புத்தகப் பெயர்கள் இருக்க, என் பட்டியலில் மட்டும் இரண்டு உயிருள்ள ஆட்கள் இருந்தார்கள். பேச்சியம்மாள், வயது நாற்பத்திரண்டு, திரி வெட்டும் தொழிலாளி. அதற்குக் கீழே என் அம்மா. கம்பெனியின் பெயரையும் விடாமல் போட்டேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்தேன்.

முழு மதிப்பெண் கிடைத்தது. தமிழம்மா என் கட்டுரையைப் பள்ளிக் கண்காட்சியில் மேசை மேல் வைத்தார். அதற்குப் பக்கத்தில் புதுத் தாவணி கட்டிக்கொண்டு நான் நின்றேன். முதலில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து வாசித்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில் ஒட்டி நின்று போஸ் கொடுத்தேன். பிறகு சிறப்பு விருந்தினராக முதலாளி வந்தார். பள்ளிக்கு பெஞ்சும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்தவர். அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி அவருடையது, அப்பா வேலை பார்க்கும் காலண்டர் அச்சகமும் அவருடையது. அவர் என் கட்டுரையைக் கையில் எடுத்ததும் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். எங்கள் ஊரில் அச்சுத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எந்தத் தாளை எடுத்தாலும் எந்த அச்சகம் அடித்தது என்று அடியில்தான் முதலில் பார்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் என் அப்பா மாப்பிள்ளை பெயரைக்கூடப் படிக்க மாட்டார், அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் மேலே போவார். முதலாளியும் அப்படிப் பழகியவர். முன்னால் இருந்து புரட்டியிருந்தால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் சலித்து வைத்திருப்பார்.

படித்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாக முன்னால் வந்தார். "யாரு பிள்ளைம்மா நீ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டியலில் அம்மாவின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். "நல்லா எழுதியிருக்கியேம்மா" என்றார். கட்டுரையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அது திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் நின்றது. சூப்பர்வைசர் இறங்கி, அம்மாவையும் பேச்சி அத்தையையும் ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டதற்கு, "உங்க வீட்டுல படிச்ச பிள்ளை இருக்குல்ல, அதுகிட்டக் கேளுங்க" என்றாராம். அம்மா தூக்குவாளியோடு திரும்பி வந்து என்னை அடித்தாள். அடி வலிக்கவில்லை. அடித்துக்கொண்டே, "உங்கிட்டப் பேசினதுக்கா, உங்கிட்டப் பேசினதுக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா என் முன்னால் கம்பெனி விஷயம் எதுவும் பேசுவதில்லை. நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனால்கூட அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறாள்.

நேற்று தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். தமிழம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். தான் எழுதச் சொன்னது புத்தகப் பட்டியல்தான், மற்றதெல்லாம் இந்தப் பெண்ணாக எழுதியது என்று அவர் தலைமையாசிரியையிடம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர் நிரந்தர வேலையில் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த ஆள். அவரை நீ திட்டாதே. நாளைக்கு நான் செய்யப் போவதும் அதேதான். தலைமையாசிரியை ஒரு டைப் அடித்த தாளைக் கொடுத்து, இதைப் பார்த்து உன் கையெழுத்தில் எழுதி, நீயும் உன் பெற்றோரில் ஒருவரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா, பத்திரிகையில் எதுவும் வருவதற்குள் கொடுத்தாக வேண்டும் என்றார். கொடுத்துவிட்டால் இரண்டு பேரையும் திங்கட்கிழமை முதல் வேனில் ஏற்றிக்கொள்வார்களாம்.

இன்று சாயங்காலம் அதை அம்மாவுக்கும் பேச்சி அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது, அம்மாவுக்குத் தன் பெயர் மட்டும் போடத் தெரியும். மூன்றே வரிதான். கட்டுரையில் உள்ள செய்திகள் எவராலும் என்னிடம் கூறப்படவில்லை. அவை முழுவதும் என் சொந்தக் கற்பனை. கடைசிப் பக்கத்தில் உள்ள பெயர்களைச் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியாமல் நானே சேர்த்தேன்.

"கற்பனைன்னா என்ன தாயி?" என்று அத்தை கேட்டாள்.

"இல்லாததை நாமளா நினைச்சு எழுதுறது, அத்தை."

அத்தை தாளில் விரலை வைத்தாள். "அப்ப அவரு பீடி குடிக்க மாட்டாருங்கிறது இல்லாததா?"

நான் தாளை மடித்து வைத்தேன். அம்மாதான், "மதினி, மனசுல வச்சிக்கிடாதீக. அங்கன போயிதான் நாம கஞ்சி குடிக்கணும்" என்றாள். அத்தை தலையை ஆட்டினாள். அம்மா விரல்களை மடக்கிப் பேனாவைப் பிடித்து, தன் பெயரில் உள்ள ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாக வெற்றுத் தாளின் அடியில் போட்டுக் கொடுத்தாள். மேலே நான் எழுதிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தாள் இப்போது என் பாடநோட்டுக்குள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அதை எழுதுவேன். நான் எழுத மாட்டேன் என்று நீ எதிர்பார்த்திருந்தால் என்னை மன்னித்துவிடு. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. தங்கை ஆறாவது படிக்கிறாள். அப்பாவின் வேலையும் அதே முதலாளியிடம்தான். மூன்று வரியில் முதல் இரண்டும் பொய், மூன்றாவது மட்டும் உண்மை. அந்த மூன்றாவதை எழுதத்தான் நேரமாகும் என்று நினைக்கிறேன்.

நீ படிக்கிற காலத்தில் பட்டியல் போடும் முறை மாறியிருக்கலாம். எந்தப் புள்ளியை எங்கே வைப்பது, எந்தப் பெயர் முன்னால் வருவது என்று உனக்கு வேறு யாராவது நன்றாகச் சொல்லித் தருவார்கள். புத்தகத்தின் பெயரைப் போட்டால் புத்தகத்தை யாரும் வேனில் இருந்து இறக்கிவிட மாட்டார்கள். மனிதரின் பெயரைப் போடும்போது அவரிடம் போய் உட்கார்ந்து, இது எங்கே போகும், யார் வாசிப்பார்கள், வாசித்தால் என்ன நடக்கலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போடட்டுமா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு, மதிப்பெண் போனாலும் விட்டுவிடு. போடு என்று சொன்னால் முழுப் பெயரையும் போடு. பயந்துபோய் 'கூறப்படுகிறது' என்று எழுதாதே. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும்.

அத்தை கிளம்பியபோது, குடத்தைத் தூக்கிக் கொடுக்கிற சாக்கில் அவள் வீட்டு வாசல்வரை கூடவே போனேன். நாளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். குடு என்றாள். ஆனால் நடந்ததை வேறொரு தாளில் எழுதி வைக்கப் போகிறேன், அதில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். மாமா இறந்த பிறகு அவளிடம் நான் முறையாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"யாரு வாசிப்பா?"

"எனக்குப் பொறக்கப் போற பிள்ளை. அதுவரைக்கும் யாரும் வாசிக்க மாட்டாக."

"ஏட்டி, கல்யாணப் பேச்சு எடுத்து ரெண்டு நாளு ஆகல, அதுக்குள்ள பிள்ளை வரைக்கும் போயிட்டியா" என்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். முகத்தைச் சேலையால் துடைத்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "போடு. அவரு பேரையும் போடு. பேப்பர்ல தொழிலாளி ஒருவர்னுதான போட்டிருந்தாக."

அவர் பெயர் கருப்பசாமி. அவர் பீடி குடிக்க மாட்டார். அன்று நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். இதைச் சொன்னவர் அவருடைய மனைவி பேச்சியம்மாள். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.